கொழுப்பு ஈரல்: முதலில் வருவது அழற்சியா, கொழுப்பா?

வேம்படி:
அப்பா எடை 84 கிலோ. ஸ்கேனில் கிரேடு 2 ஃபேட்டி லிவர், ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எஸ்ஜிபிடி 78. சித்தப்பா மஞ்சள் மாத்திரை வாங்கி வந்து, "அழற்சி அடங்கினால் கொழுப்பு தானாகப் போயிடும்" என்கிறார். சரிதானா?

நுண்ணோக்கி:
அதில் விஷயம் இருக்கிறது தம்பி. பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவிலேயே அழற்சியைத் தூண்டும் புரதமான டிஎன்எஃப் ஆல்ஃபா உருவாவதை 1993-ல் ஹோதமிஷ்லிகில், ஸ்பீகல்மன் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைத் தடுத்ததும் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. 2002-ல், அழற்சிச் சமிக்ஞையைக் கடத்தும் ஜேஎன்கே1 நொதியின் மரபணுவை எலிகளில் நீக்கிப் பார்த்தார்கள். இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாத நிலையான இன்சுலின் எதிர்ப்பிலிருந்து அவை பெருமளவு தப்பின. இன்சுலினின் பிடி தளர்ந்தால் தொப்பைக் கொழுப்பு உடைந்து, ரத்தம் வழியாக ஈரலில் போய் இறங்கும். கதவைத் திறந்துவிடுவது அழற்சிதான்.

தாமிரா:
ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஜேஎன்கே1 எலிகளுக்கு உடல் கொழுப்பே குறைவாக இருந்தது. அப்புறம் எது காரணம், எது விளைவு? மனிதர்களிடம் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜேஎன்கேவுக்கு மேல்படியில் இருக்கும் ஏஎஸ்கே1 நொதியைத் தடுக்கும் செலோன்செர்டிப் மருந்து 2019-ல் மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. அழற்சிச் செல்கள் ஈரலுக்குள் நுழைவதைத் தடுக்கும் செனிக்ரிவிராக் 2021-ல் பலனில்லை என்று நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் 2024-ல் அனுமதி பெற்ற ரெஸ்மெட்டிரோம் மருந்து ஈரல் கொழுப்பை எரிக்கிறது. 2025-ல் பெற்ற செமாகுளுடைடு எடையைக் குறைக்கிறது. எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும்.

நுண்ணோக்கி:
எல்லாக் கொழுப்பும் எரிகிற விறகு இல்லையே! 2007-ல் எலிகளில், சேமிப்புக் கொழுப்பான ட்ரைகிளிசரைடை உருவாக்கும் டிஜிஏடி2 நொதியைத் தடுத்தார்கள். ட்ரைகிளிசரைடு குறைந்தது, ஆனால் ஈரல் சேதமும் தழும்பும் கூடின. துளித்துளியாகச் சேர்ந்திருந்த கொழுப்பு ஒரு பாதுகாப்பு. கட்டற்றுத் திரியும் கொழுப்பு அமிலங்கள்தான் செல்லைக் கெடுத்து அழற்சியைக் கிளப்புகின்றன. ஈரலில் கொழுப்பு உள்ள பலருக்குத் தழும்பு வருவதே இல்லை. அந்த வித்தியாசத்தை வெறும் கொழுப்பின் அளவு விளக்காது. மருந்துகள் தோற்றது, பல இழை கொண்ட வலையில் ஒரே இழையை அறுத்ததால் என்பது என் எண்ணம்.

தாமிரா:
அந்த எலிகளுக்குக் கொடுத்தது மெத்தியோனின், கோலின் என்ற சத்துகள் இல்லாத தீனி. அதைத் தின்றால் எலி இளைக்கும். உடல்பருமனுக்கு அது எப்படி உதாரணம்? ஆனால் கொழுப்பின் வகை முக்கியம் என்பதை ஏற்கிறேன்.

வேம்படி:
அண்ணா, அப்பாவுக்கு நான் என்ன செய்யட்டும்?

தாமிரா:
கியூபாவில் 293 பேரை 52 வாரம் உணவு, நடை என்று கவனித்தார்கள், 2015-ல் வெளியானது. எடையில் குறைந்தது 10 சதவீதம் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்குக் கொழுப்பால் வந்த ஈரல் அழற்சி நோய் மறைந்தது. உங்கள் அப்பாவுக்கு அது சுமார் எட்டரைக் கிலோ.

நுண்ணோக்கி:
இதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மாத்திரையை மட்டும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை, அதிலும் மிளகுச் சத்து சேர்ந்தது, சிலருக்கு ஈரலையே பாதித்திருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை.

வேம்படி:
டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் மிளகுச் சத்து 5 மி.கி. என்று இருக்கிறது. இன்று ராத்திரியிலிருந்து நிறுத்தச் சொல்லிவிட்டேன்.