வெர்கோத்தூரியே குடியானவர் நிலம்: எந்தத் தெசியாத்தினா?

1598இல் கோட்டை நகராக எழுந்த வெர்கோத்தூரியேயைச் சுற்றியிருந்த ரஷ்யாவின் உரால் எல்லை மாவட்டத்தில், 17ஆம் நூற்றாண்டில் குடியேறிய குடியானவர்கள் எவ்வளவு நிலம் உழுதார்கள் என்பதை எக்டேர் கணக்கில் சொல்ல முயன்று, மூன்று வாரங்களாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

என்னிடமுள்ள கணக்கெடுப்புப் பதிவுகள் நிலத்தைச் 'செத்வெர்த்' என்ற பழைய ரஷ்ய நில அளவில், "ஒரு வயலில் இவ்வளவு, மற்ற இரண்டிலும் அவ்வாறே" என்று குறிக்கின்றன. மூன்று வயல் சுழற்சி என்பதால் மூன்றால் பெருக்கி, இரண்டு செத்வெர்த்துக்கு ஒரு தெசியாத்தினா (இன்னொரு பழைய ரஷ்ய நில அளவு) என மாற்றினேன். ஜாருக்காக அவர்கள் கட்டாயமாக உழுத வயலைத் தனியே பிரித்தேன். புதிய ஸ்லொபதாக்களில் (குடியேற்ற ஊர்களில்) வரிச் சலுகை ஆண்டுகள் முடியாத குடும்பங்களையும் நீக்கிப் பார்த்தேன் (இதற்கே ஒரு வாரம் போயிற்று). ஆனாலும் சிக்கல் தீரவில்லை. தெசியாத்தினா 2400 சதுர சாழென் (சாழென் ரஷ்ய நீள அளவு) என்றும் 3200 என்றும் இருவகையாக வழங்கியதால், பெரிய அளவைக் கொண்டால் ஒவ்வொரு குடும்பத்தின் நிலமும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. கிடைத்த அகராதிகள் இரண்டு அளவையும் தருகின்றனவே தவிர, மாவட்டம் பிரித்துச் சொல்லவில்லை. சராசரி எடுப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

இம்மாவட்டப் பதிவுகளுக்கு எந்த அளவைக் கொள்ள வேண்டும், அதை எந்தச் சான்றைக் கொண்டு உறுதிசெய்யலாம்?