கம்போசர் மாலரோட ரசிகர்கிட்ட மாட்டியிருக்கீங்களா? உங்க கதையையும் சொல்லுங்க

பால்கனி டிக்கெட்:
வெஸ்டர்ன் கிளாசிக்கல் கேக்குற ஆளுங்களோட பழகிப் பழகி எனக்கு ஒரு தியரி உருவாயிருச்சு. ஒருத்தர் யாரோட மியூசிக்கை விழுந்து விழுந்து கேக்குறாரோ, அந்த கம்போசரோட கிறுக்கு கொஞ்சம் கொஞ்சமா இவருக்கும் ஒட்டிக்குது. சும்மா சொல்லலை, ஆதாரம் இருக்கு. எனக்கு ஒரு பாக் ரசிகரைத் தெரியும். மனுஷன் மணி பாத்து சாப்பிடுவார், புக் ஷெல்ஃப்ல இருக்கறதெல்லாம் உயர வரிசைப்படி அடுக்கியிருப்பார், எந்தப் பீஸைப் பத்தி பேசினாலும் பேரைச் சொல்ல மாட்டார், பாக் படைப்புகளோட பட்டியல்ல இருக்கற பிடபிள்யூவி நம்பரைத்தான் சொல்லுவார். "காலையில எழுந்ததும் 988 கேட்டேன்"னு சொன்னா நாமதான் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்னு புரிஞ்சிக்கணும். ஒரு தடவை பொது இடத்துல அது பின்னாடி ஓடிட்டு இருந்துச்சு, நான் வாய் வச்சுக்கிட்டு சும்மா இருக்காம "க்ளென் கூல்ட் நல்லா வாசிச்சிருக்கார்ல"ன்னேன். பேசறதை நிறுத்திட்டு "எந்த கூல்ட்? 55-ஆ 81-ஆ?"ன்னார். ஒரே பியானிஸ்ட்தான், ரெண்டு ரெக்கார்டிங். 1955-ல வாசிச்சது சுமார் 38 நிமிஷம், 1981-ல வாசிச்சது 51 நிமிஷம். அந்த 13 நிமிஷ வித்தியாசத்தைப் பத்தி அவர் பேசினது ரெண்டு ரெக்கார்டிங்கையும் சேர்த்தாலும் அதைவிட நீளம். நடுவுல பியானோவுல பாக் வாசிக்கிறதே தப்பு, பாக் காலத்து கீபோர்டான ஹார்ப்சிகார்ட்லதான் வாசிக்கணும்னு பக்கத்துல இருந்தவர் ஒரு வார்த்தை விட்டார். நான் நைசா எழுந்து வந்துட்டேன், அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்களோ என்னவோ.

உங்களுக்கு மாட்டின ஆளுங்களைப் பத்தி எழுதுங்க. பேர் வேண்டாம், கம்போசர் பேர் போதும்.

பியானோ டீச்சரம்மா:
நான் சொல்லித் தர்றவ, எனக்கு இது தினசரி பொழப்பு. முதல் கிளாஸ்லயே ஆளை எடை போட்டுடலாம். பீத்தோவனோட ஃபுர் எலீஸ் வேணும்னு வர்றவங்க பாவம் அப்பாவிங்க, முதல் பக்கத்தோட திருப்தியாயிடுவாங்க, அதுக்கப்புறம் வர்ற பகுதி இருக்குன்னே தெரியாது. ஷோபான் ரசிகர்தான் கஷ்டம். தாளம் தப்புதுப்பான்னு சொன்னா "இல்ல மேம், அது ரூபாட்டோ"ம்பான், அதாவது வேணும்னே நேரத்தை இழுத்தும் சுருக்கியும் வாசிக்கிறதாம். ஏன்பா, ஷோபான் தன் சிஷ்யர்களுக்கு சொல்லிக் குடுத்ததே இடது கை நேரம் தப்பாம போகணும், வலது கைதான் இழையணும்னு. அவரோட பியானோ மேலேயே தாளம் தட்டுற மெட்ரோனோம் இருந்ததா சிஷ்யர் ஒருத்தர் எழுதி வச்சிருக்கார். இதைச் சொன்னா மூஞ்சி சுருங்கிடும். அவங்களுக்கு வேண்டியது பெருமூச்சு விட்டுக்கிட்டே வாசிக்கிறது. எவ்வளவு மெதுவா வாசிச்சா அவ்வளவு சோகம்னு ஒரு கணக்கு.

இந்த ஷோபான் ரசிகர்களுக்கு வார்சாவுல ஒரு பியானோ போட்டி இருக்கு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வரும், அப்ப பாக்கணுமே, எல்லாரும் ஜட்ஜ் ஆயிடுவாங்க. 1980-ல போகோரெலிச்ங்கற பியானிஸ்ட்டை ஃபைனலுக்கு விடலைன்னு மார்த்தா ஆர்கெரிச் ஜூரியில இருந்தே வெளிய போயிட்டாங்க இல்லையா, அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியலை. அப்ப பொறந்தே இருக்காத ஒரு பொண்ணு எங்கிட்ட ரெண்டு நாள் முன்னாடி கூட "அது அநியாயம் மேம்"னு குரல் நடுங்க சொல்லுச்சு.

ரக்மனினாஃப் ரசிகன் வேற ரகம். உள்ள வந்ததும் ஸ்டூல்ல உக்காரக் கூட மாட்டான், கையை விரிச்சு கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் கட்டை மேல வச்சு எத்தனை கீ வருதுன்னு அளப்பான். ரக்மனினாஃப் கை பெருசுதான், ஒத்துக்கறேன். அதுக்காக நாலு மாசமா ஸ்கேல்ஸ் பண்ணாம கையை இழுத்துவிட்டுக்கிட்டு இருந்தா அவரோட மூணாவது பியானோ கான்செர்ட்டோ வந்துடுமா.

கடைசி டெஸ்க் வயலா:
ஆர்கெஸ்ட்ராவுல பின்னாடி உக்கார்றதால எனக்கு ஆடியன்ஸ் நல்லா தெரியும், அதனால மாலர் கதையை நான் சொல்றேன். ஆறாவது சிம்பொனி வாசிச்சோம். அதுல கடைசி மூவ்மெண்ட்ல, அதாவது கடைசிப் பகுதியில, சுத்தியல் அடி வரும், பெரிய மரச் சுத்தியலை எடுத்து மரப்பெட்டி மேல ஓங்கி அடிக்கணும், உலோகச் சத்தம் வரக் கூடாது, கோடாலியில மரத்தை வெட்டுற மாதிரி மந்தமா கேக்கணும்னு மாலரே எழுதி வச்சிருக்கார். சாதாரண ஆடியன்ஸ் அந்தச் சத்தம் கேட்டு தூக்கிவாரிப் போட்டு நிமிருவாங்க. மாலர் ரசிகர் அப்படி இல்ல, அரை மணி நேர மூவ்மெண்ட்ல ஆரம்பத்துல இருந்தே கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பெர்கஷன்காரரையே பாத்துட்டு இருப்பார். அவர் மூக்கைச் சொறிய கையைத் தூக்கினா கூட முதல் மூணு வரிசையில ஒரு அசைவு தெரியும்.

முடிஞ்சு வெளிய வந்தா கதவுகிட்டயே ரெண்டு பேர் சண்டை. விஷயம் என்னன்னா மாலர் முதல்ல மூணு அடி எழுதினார், அப்புறம் மூணாவதை எடுத்துட்டார், சில கண்டக்டர்ங்க அதைத் திரும்பச் சேத்து அடிக்கிறாங்க. நாங்க ரெண்டுதான் அடிச்சோம். ஒருத்தருக்கு அதுல ஏமாத்தம். இன்னொருத்தருக்கு அது சரி, ஆனா நடுவுல வர்ற ரெண்டு மூவ்மெண்ட்டோட வரிசை தப்பாம். முதல்ல அச்சுல வந்தப்ப ஷெர்ட்சோங்கற மூவ்மெண்ட் முன்னாடி, ஆண்டான்டேங்கறது பின்னாடி. 1906-ல எஸ்ஸன்ல அரங்கேத்தம் பண்ணப்ப மாலரே அதை மாத்தி ஆண்டான்டேயை முன்னாடி வச்சுட்டார். 1963-ல வந்த பதிப்பு திரும்ப மாத்துச்சு, அப்புறம் அதையும் மாத்தினாங்க. இந்த ரெண்டு பேரும் ஒண்ணா வந்தவங்க, ஒரே கார்ல போக வேண்டியவங்க. எப்படிப் போனாங்கன்னு தெரியலை.

இதுல இன்னொரு வகை இருக்கு, அமைதி போலீஸ். ஒன்பதாவது சிம்பொனி மெல்ல மெல்ல தேஞ்சு ஒண்ணுமில்லாம முடியும், உடனே கை தட்டக் கூடாது. 2010-ல லூசர்ன்ல கண்டக்டர் அப்பாடோ நடத்தினப்ப ஹாலே ரொம்ப நேரம் மூச்சு விடாம உக்காந்திருந்துச்சு, வீடியோ இருக்கு. அதைப் பாத்ததுல இருந்து இவங்களுக்கு அது போட்டி மாதிரி ஆயிருச்சு. யாராவது லேசா இருமினா திரும்பி ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க, இருமல் அங்கயே நின்னுடும். டாக்டர்கிட்ட போகவே வேண்டாம்.

ஹைடன் கட்சி:
இவ்வளவு பேசியும் யாரும் ஹைடன் பேரை எடுக்கலை. வழக்கம்தான்.

பால்கனி டிக்கெட்:
ஹைடன் ரசிகரோட அடையாளமே இந்த வாக்கியம்தான், நன்றி.

ஹைடன் கட்சி:
சிரிங்க சிரிங்க. 104 சிம்பொனி, மொசார்ட் ஆறு குவார்டெட்டை (நாலு பேர் வாசிக்கிறது) அவருக்கு சமர்ப்பணம் பண்ணார், பீத்தோவன் அவர்கிட்ட பாடம் படிச்சார், ஆனா கச்சேரியில அவரை முதல் அயிட்டமா போடுவாங்க, லேட்டா வர்றவங்க உள்ள வந்து சீட் தேடறதுக்கு. சரி, அனுபவம் கேட்டீங்க. 90-ஆவது சிம்பொனியில கடைசியில ஒரு பொய் முடிவு வரும், தடாலடியா முடிச்சிட்டு நாலு பார் (தாளக் கட்டம்) அமைதி, ஜனம் கை தட்டும், உடனே ஆர்கெஸ்ட்ரா திரும்ப ஆரம்பிக்கும். எனக்குத் தெரியும் என்ன வரப்போகுதுன்னு, அதனால முன்கூட்டியே சிரிக்க ஆரம்பிச்சிட்டேன். அமைதியா இருந்த இடத்துல என் சிரிப்பு மட்டும். பக்கத்து சீட் அம்மா கையில இருந்த பையை அந்தப் பக்கம் மாத்தி வச்சுக்கிட்டாங்க. 18-ஆம் நூற்றாண்டு ஜோக்குக்கு சிரிச்சா இதான் மரியாதை.

ரிப்பீட் மோட்:
என் முறை. வாக்னர்.

கேள்விப்பட்டது எல்லாம் என்ன, வாக்னர் ரசிகர்னா கர்வம் பிடிச்சவர், சத்தமா பேசுவார், மத்த எல்லாரோட மியூசிக்கையும் கேவலமா பாப்பார், அதானே? எங்க ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தர் இருக்கார், பூனை மாதிரி நடப்பார், மீட்டிங்ல அவர் குரலே கேக்காது, லிஃப்ட்ல கூட எல்லாருக்கும் வழி விட்டுட்டு அடுத்ததுல வருவார். அவர் வருஷா வருஷம் ஒரே நேரத்துல லீவு கேப்பார். எதுக்கு சார்னு ஒரு நாள் கேட்டேன். ரிங் பாக்கணும்னார். நாலு ஆப்பரா, மொத்தம் சுமார் 15 மணி நேரம், நாலு ராத்திரியா பிரிச்சுப் போடுவாங்க. அந்த மனுஷனுக்கா இந்த வெறின்னு நான் அசந்துட்டேன். அப்புறம் வாயைத் திறந்தார் பாருங்க. அதுல முதல் ஆப்பராவான ரைன்கோல்ட் ஆரம்பத்துல 136 பார் முழுக்க ஒரே ஈ ஃப்ளாட் கார்ட், வேற எங்கயும் நகராது, ஆத்துக்கு அடியில இருந்து உலகமே எழும்பி வர்ற மாதிரி இருக்கும்னு கையால காட்டிக் காட்டி சொன்னார், டேபிள்ல இருந்த ஃபைல் எல்லாம் கீழ விழுந்துச்சு, அதை எடுக்கக் கூட இல்ல.

ஜெர்மனியில இருக்கற பைராய்ட் தியேட்டருக்கும் போயிருக்கார். வாக்னர் தனக்குன்னே கட்டின தியேட்டர், 1876-ல தொறந்தது, ஆர்கெஸ்ட்ரா மேடைக்கு அடியில மறைஞ்சு இருக்கும். சீட் மரத்துல, கை வைக்க இடமில்ல. டிக்கெட்டுக்கு வருஷக்கணக்குல காத்திருந்தவங்கள்ல இவரும் ஒருத்தர். அப்பெல்லாம் அனுபவசாலிங்க கூடவே குஷன் கொண்டு வருவாங்களாம். "நீங்களும் கொண்டு போனீங்களா சார்?"னு கேட்டா, கொஞ்சம் வருத்தமா பாத்தார். "வலிக்காம கேட்டா என்ன அர்த்தம்?"

அதனால தியரியில எனக்கு சின்ன சந்தேகம். கம்போசர் குணம் ஒட்டிக்குதா, இல்ல நம்மகிட்ட இல்லாத குணத்தைத் தேடிப் போறோமா? வாக்னர் கடன் வாங்கிட்டு ஊரை விட்டு ஓடினவர். எங்க சார் வவுச்சர்ல ஒரு பைசா இடிச்சாலும் ராத்திரி தூங்க மாட்டார்.

பியானோ டீச்சரம்மா:
இதை நான் ஒத்துக்கறேன். மேடையில அமர்க்களம் பண்ண ஃப்ரான்ஸ் லிஸ்ட்டோட ரசிகர்னு என்கிட்ட வர்றவங்கள்ல ஒருத்தர் கூட கூச்சம் இல்லாதவர் கிடையாது.

ஒட்டுக்கேட்ட காது:
மொசார்ட் பத்தி சுருக்கமா. தெரிஞ்ச தம்பதி, குழந்தை பொறக்கப் போகுது, வயித்து மேல ஹெட்ஃபோன் வச்சு மொசார்ட் போடறாங்க, புத்திசாலியா பொறக்குமாம். அந்த ஆராய்ச்சி 1993-ல வந்தது, பண்ணது காலேஜ் பசங்க மேல, கேட்டது ரெண்டு பியானோவுக்கு எழுதின ஒரு சொனாட்டா, பலன் இருந்தது கால் மணி நேரம், அதுவும் பேப்பர் மடிக்கிற மாதிரி ஒரு டெஸ்ட்ல. இதை அவங்ககிட்ட சொல்லலாமான்னு யோசிச்சேன், சந்தோஷமா இருந்தாங்க, விட்டுட்டேன். மொசார்ட்டை நிஜமாவே ரசிக்கிறவங்க எங்கிட்ட சிக்கினதே இல்ல, அவங்க பாட்டுக்கு நிம்மதியா இருப்பாங்க போல.

ஷோஸ்டகோவிச் ரசிகர்தான் எனக்கு நிம்மதி குடுக்க மாட்டேங்கிறார், ஏன்னா என் ரூம்மேட். அவனுக்கு எதுவுமே நேரடி அர்த்தம் கிடையாது. அஞ்சாவது சிம்பொனி 1937-ல எழுதினது, கடைசியில ஆர்ப்பாட்டமா முடியும், கேட்டா எனக்கு சந்தோஷமா இருக்கு. "அது சந்தோஷம் இல்லடா, கழுத்துல கத்தி வச்சு சந்தோஷப்படச் சொல்றாங்க"ம்பான். சரி, ஸ்டாலின் காலம், நியாயம் இருக்கு. ஆனா அதே பார்வையை வீட்டு ஓனர் அனுப்புற மெசேஜுக்கும் வச்சா எப்படி? "குட் மார்னிங்"னு அனுப்பியிருக்கார், இவன் அரை மணி நேரம் உக்காந்து உள்ளர்த்தம் தேடறான். அப்புறம் அந்த நாலு நோட், டி, ஈ ஃப்ளாட், சி, பி, ஷோஸ்டகோவிச் தன் பேரையே ஜெர்மன் எழுத்துல சுரமாக்கி வச்ச கையெழுத்து, எட்டாவது குவார்டெட் முழுக்க அதுதான். பக்கத்து ஃபிளாட் காலிங் பெல்ல அது கேக்குதுன்னு ராத்திரி பதினொண்ணு மணிக்கு வெளிய போய் நின்னான். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தொறந்தப்ப என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது, நான் லைட்டை அணைச்சுட்டேன்.

ப்ராம்ஸ் பத்தி யாராவது?

தாடி:
ப்ராம்ஸ் கதை ஒண்ணு இருக்கு, எழுதிக்கிட்டு இருக்கேன், திருத்தணும்.

ஒட்டுக்கேட்ட காது:
முதல் சிம்பொனியை 43 வயசுல வெளியிட்டவரோட ரசிகர், அவசரப்படுத்தாதீங்க. முதல் ஸ்ட்ரிங் குவார்டெட்டை வெளியிடறதுக்கு முன்னாடி எழுதின ஸ்ட்ரிங் குவார்டெட்டையெல்லாம் அழிச்சுட்டார், இவரும் டைப் பண்ணி டெலீட் பண்ணிட்டு இருப்பார்.

செல்லோ:
ரசிகர் இல்லாம வெறுப்பாளர் கதை சொல்லலாமா? பாக்கெல்பெல் கேனன். கல்யாணத்துல யார் கேட்டாலும் அதுதான். வயலின்காரங்களுக்கு நல்லா இருக்கும், ஆளுக்கு ஆள் மெலடி. செல்லோவுக்கு எட்டே நோட், அதையே 28 தடவை. பொண்ணு லேட்டா நடந்து வந்தா அதுக்கு மேலயும். "எவ்வளவு அழகான பீஸ்ல, உங்களுக்கு வாசிக்கவே குடுத்து வச்சிருக்கணும்"னு ஒருத்தர் வந்து கையைப் பிடிச்சு சொன்னார். பல்லைக் கடிச்சுக்கிட்டு சிரிச்சேன்.

பால்கனி டிக்கெட்:
நான் ஒரு ப்ரூக்னர் ரசிகரோட நீண்ட ரயில் பயணம் பண்ணிருக்கேன். ப்ரூக்னர் கச்சேரியில இடைவேளைக்கு ஆம்பளைங்க டாய்லெட்லதான் க்யூ நிக்கும்னு ஒரு பழைய கிண்டல் உண்டு, அது உண்மைன்னு அவரே சிரிச்சுக்கிட்டு சொன்னார், நல்ல மனுஷன். ஏழாவது சிம்பொனி ஸ்லோ மூவ்மெண்ட்ல உச்சத்துல ஒரே ஒரு தடவை சிம்பல் தட்டணும். அது ப்ரூக்னர் நிஜமா விரும்பினதா, யாரோ சொல்லிச் சேத்ததா, கையெழுத்துப் படியில 'செல்லாது'ன்னு எழுதியிருக்கே அது யார் கையெழுத்து, இதுலயே மூணு ஸ்டேஷன் போச்சு. ஒரு தட்டு சார், ஒரே தட்டு. அப்புறம் எட்டாவது சிம்பொனிக்கு ரெண்டு வெர்ஷன் இருக்கேன்னு நானே எடுத்துக் குடுத்தேன், இறங்குற வரைக்கும் ஓடுச்சு.

ஆர்கன் லாஃப்ட்:
குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். எட்டாவதுக்கு ரெண்டு வெர்ஷன்னு பொதுவா சொல்லிட்டுப் போக முடியாது. 1887 ஒண்ணு, 1890 ஒண்ணு சரி. ஆனா ஹாஸ்ங்கற எடிட்டர் 1939-ல போட்ட பதிப்பு 1890-ஐ அடிப்படையா வச்சு 1887-ல இருந்து சில பகுதிகளைத் திரும்பச் சேத்தது, அதை எதுலயும் அடக்க முடியாது. அவருக்குப் பின்னாடி வந்த எடிட்டர் நோவாக் ரெண்டையும் தனித்தனியா போட்டார். உங்ககிட்ட இருக்கற ரெக்கார்டிங் எது?

பால்கனி டிக்கெட்:
அட்டையில மலை படம் போட்டிருக்கும்.

ஆர்கன் லாஃப்ட்:
எல்லாத்துலயும் மலைதான் போட்டிருக்கும். பின்பக்கம் என்ன எழுதியிருக்கு?