வளைவுக்குச் சேர்த்த பணத்தை நம் ஊர் டிராக்டர்களுக்குச் செலவிடலாமா?

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் சங்கம் சேர்த்த பணத்தில் ஊர் முகப்பில் அலங்கார வளைவு கட்டுவது பற்றி இந்தக் குழுவில் பத்து நாளாகப் பேசி வருகிறோம். முடிவெடுக்கும் முன் நான் சொல்வதையும் ஒருமுறை படியுங்கள்.

என் சின்ன மாமா போன தை மாதம் தவறியது உங்களுக்குத் தெரியும். "டிராக்டர் கவிழ்ந்துவிட்டது" என்று ஒரு வரியில்தான் அப்போது எழுதினேன், அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. ஏரிக்கரைக் கழனியில் சேடை ஓட்டி, அதாவது நடவுக்குச் சேறடித்து முடித்து வெளியே வரும்போது பின்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கிவிட்டன. சக்கரத்தோடு ஒரு கட்டையைச் சங்கிலியால் கட்டி, வரப்பைப் பார்த்து முன்னால் ஏற்றப் பார்த்திருக்கிறார். நம் பக்கம் எல்லோரும் செய்வதுதான். கட்டை மண்ணில் ஊன்றிக்கொண்டு சக்கரம் சுழல முடியாமல் நின்றது. கிளட்சை விட்டதும் முன்பக்கம் எழும்பி, வண்டி அப்படியே பின்னால் மல்லாந்து அவர் மேல் விழுந்தது.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எஞ்சின் பின்சக்கரத்தைச் சுற்றப் பார்க்கிறது. சக்கரம் சுற்ற வழியில்லை என்றால் அதே விசை அச்சைச் சுற்றி வண்டியின் உடம்பைத் தூக்கும். முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிய முக்கால் நொடியில், இனித் திரும்பாது என்ற கட்டத்தை வண்டி தாண்டிவிடும். ஒன்றரை நொடியில் முழுதாகக் கவிழ்ந்துவிடும். "கவிழ்ந்தால் குதித்துவிடலாம்" என்று நம் ஊரில் சொல்வார்களே, அதற்கு நேரமே கிடையாது. மாமா முப்பது வருஷம் ஓட்டியவர். அவருக்கு அனுபவம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சேற்றில் இறங்கினால் முதலில் ரிவர்ஸில் எடுத்துப் பார்க்க வேண்டும். வராவிட்டால் சக்கரத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டிவிட்டு மறுபடி ரிவர்ஸ். அதற்கும் வராவிட்டால் இன்னொரு வண்டியை அழைக்க வேண்டும். இழுக்கும் வண்டியில் சங்கிலியைக் கீழே இருக்கும் இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். அச்சிலோ அதற்கு மேலோ கட்டினால் இழுக்கிற வண்டியும் மல்லாந்துவிடும். சக்கரத்தில் கட்டை கட்டும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். வீட்டுக்குப் போன் பேசும்போது தயவுசெய்து இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

நான் இருக்கும் ஸ்வீடனில் இருக்கைக்குப் பின்னால் கெட்டியான இரும்புச் சட்டமோ கேபினோ இல்லாத டிராக்டரைப் பார்ப்பதே அரிது. புது டிராக்டர் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம் என்று 1959-லேயே அரசு விதி போட்டுவிட்டது. அதன் பிறகு டிராக்டர் கவிழ்ந்து சாவது இங்கே ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. வண்டி கவிழ்ந்தாலும் பாரத்தை அந்த இரும்புச் சட்டம் தாங்கிக்கொள்ளும். சீட் பெல்ட் போட்டிருந்தால் ஓட்டுபவர் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருப்பார். சட்டம் இல்லாத வண்டியில் மட்டும் பெல்ட் போடக்கூடாது. நம் ஊரில் வெயிலுக்காக மெல்லிய பைப்பில் போட்டிருக்கும் கூரையைச் சிலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், அது எதையும் தாங்காது. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்து நாமே செய்துகொள்வதும் சரிவராது. சோதித்துத் தேறிய சட்டத்தை, அந்த வண்டி மாடலுக்கென்றே செய்ததை வாங்கி மாட்ட வேண்டும்.

அடுத்தது பி.டி.ஓ. ஷாஃப்ட், அதாவது எஞ்சின் விசையை டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் சுழலும் தண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. அதில் லுங்கி முனையோ துண்டோ புடவைத் தலைப்போ பட்டால் ஒரு நொடிக்குள் ஏறக்குறைய 2 மீட்டர் துணியைச் சுருட்டிவிடும், கையை இழுத்துக்கொள்ள முடியாது. புதிதாக வரும்போது பிளாஸ்டிக் உறையோடுதான் வருகிறது. கிரீஸ் வைக்கத் தொல்லை என்று கழற்றியவர்கள் மறுபடி மாட்டுவதில்லை. கதிரடிக்கும்போது அதன் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரில் சிக்கிய புல்லை எடுக்கவும் எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் குனிய வேண்டும்.

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் திருவாலங்காடு ஆலைக்குப் போகும் வண்டிகள் இரவெல்லாம் ஓடும். டிரெய்லருக்குப் பின்விளக்கு இருக்காது, கரும்புத் தோகை பின்னால் தொங்கும். எதிர்வண்டி வெளிச்சத்தில் பைக்கில் வருகிறவனுக்கு எதுவும் தெரியாது. பிரதிபலிக்கும் சிவப்பு ஸ்டிக்கருக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. டிராக்டரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் பெடல் உண்டு. கழனியில் திரும்ப அது தேவை. சாலைக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்துக் கொக்கி மாட்டாவிட்டால், வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கவிழும்.

மட்கார்டில் பிள்ளைகளை உட்காரவைப்பது பற்றி என்ன எழுதுவது! நானும் நைனாவோடு அப்படிப் போனவன்தான். பள்ளத்தில் ஒரு குலுக்கல் போதும், விழுந்தால் பெரிய சக்கரத்துக்கு அடியில்தான். ஓட்டுபவருக்கு ஒரு சீட், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். நம் கழனி பலவற்றில் போன் ஆந்திராவில் இருக்கும் நகரிப் பக்கத்து டவரைப் பிடிக்கும், அழைப்பு அந்த மாநிலத்துக்குப் போய்விடலாம். அதனால் ஆம்புலன்ஸுக்கு 108 கூப்பிடும்போது தமிழ்நாடு, பள்ளிப்பட்டு வட்டம் என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். இதை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி ஒட்டலாம்.

என் கோரிக்கை இதுதான். நம் ஊரில் இருப்பது பதினான்கு டிராக்டர். எல்லாவற்றுக்கும் ஷாஃப்ட் உறையும் ஸ்டிக்கரும் சங்கச் செலவில் முதலில் வாங்கிவிடலாம். இரும்புச் சட்டத்துக்குப் பாதிப் பணம் நாம், மீதி வண்டிக்காரர். வளைவை அடுத்த வருஷம் கட்டலாம். தலைவர் அண்ணனும் பொருளாளர் அக்காவும் சம்மதித்தால் விலை விசாரிக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு வண்டியிலும் என்ன மாடல், சட்டம் இருக்கிறதா, ஷாஃப்டில் உறை இருக்கிறதா என்று பார்த்து, போட்டோ எடுத்து இந்தக் குழுவுக்கே அனுப்புங்கள். மாமாவின் வண்டியைப் பழுதுபார்த்து அவர் பையனே இப்போது ஓட்டுகிறான். அவனுக்கு இருபத்தொரு வயது. அந்த வண்டியை முதலில் பாருங்கள்.