கொயோட்டி வேட்டை: வண்டியை மாற்றணுமா, நிறுத்தும் இடத்தை மாற்றணுமா?

புல்வெளி75:
மேற்கு டெக்சாஸில் ஒரு மாட்டுப் பண்ணை நிலம், உரிமையாளர் அனுமதி இருக்கிறது. மின் காலரில் (இரையின் குரலை ஒலிக்கும் ஸ்பீக்கர் கருவி) முயல் அலறலைப் போட்டு, ஒரு ஸ்டாண்டுக்கு (கூப்பிட்டுக் காத்திருக்கும் இடம்) 20 நிமிடம் உட்காருகிறோம். பெரும்பாலும் கொயோட்டி (ஓநாய் இனத்துச் சிறிய காட்டு விலங்கு) ஒன்றும் வருவதில்லை. வந்தாலும் 500 கெஜத்தில் நின்று ஒரு பார்வை, அப்படியே திரும்பி ஓட்டம். வண்டி டீசல் பிக்கப், மட் டயர். தடத்திலேயே நிறுத்திவிட்டு 100 கெஜம் நடக்கிறோம். சத்தம்தான் காரணமா? ஹைப்ரிட் எஸ்யூவிக்கு மாறலாமா, சைட்-பை-சைட் (பக்கத்தில் பக்கத்தில் இருக்கை உள்ள சின்னக் காட்டு வண்டி) வாங்கலாமா?

காற்றுமுகம்:
வண்டியை விற்க அவசரப்படாதீர்கள். 500 கெஜம் வரை வந்து நின்று பார்த்துவிட்டு ஓடுகிறது என்றால், பெரும்பாலும் அது வண்டியைக் கண்ணால் பார்த்திருக்கும். சத்தத்துக்குப் பயந்தது அவ்வளவு தூரம்கூட வராது.

100 கெஜம் மிகக் குறைவு. வெட்டவெளியில் 300 முதல் 400 கெஜம் நடங்கள். மெஸ்கீட் புதர் அடர்ந்த இடத்தில் 200 போதும். ஆனால் தூரத்தைவிட மறைப்புதான் பெரிது. மேட்டுக்குப் பின்னாலோ வறண்ட ஓடைக்குள்ளோ 150 கெஜத்தில் நிற்கும் வண்டி, திறந்தவெளியில் 400 கெஜத்தில் பளபளக்கும் வண்டியைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது காற்று. கூப்பிடும் சத்தத்துக்கு வரும் கொயோட்டி நேராக வராது. காற்று போகும் பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கப் பார்க்கும். வண்டி காற்று வரும் பக்கம் நின்றால் டீசல் நாற்றம் கூப்பிடப் போகும் நிலத்தின் மேலேயே பரவும். காற்று போகும் பக்கம் நின்றாலோ, சுற்றி வருவது வண்டிமேலேயே வந்து முட்டும், நீங்கள் நடந்த காலடியையும் குறுக்கே கடக்கும். ஆகவே குறுக்குக் காற்று. தெற்குக் காற்றென்றால் வண்டி கிழக்கிலோ மேற்கிலோ இருக்கட்டும். காற்று ஒரு கன்னத்தில் படும்படி நடந்து வந்து உட்காருங்கள். வடக்கு முழுக்கச் சுடும் தூரம்வரை திறந்து தெரிய வேண்டும். குளிர் அலை இறங்கி வாடை வீசினால் வண்டி நிற்கும் இடம் மாற வேண்டாம், திறந்த பக்கம் மட்டும் தெற்காகும். (வாடை என்றால் வடகாற்று, நாற்றம் என்று இரண்டு பொருள், இந்த வேட்டையில் இரண்டையும்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.)

நாள் முழுவதற்குமான வரிசையையும் காற்றை எதிர்த்தே போடுங்கள். தெற்குக் காற்றில் வடக்கு கேட்டில் நுழைந்து தெற்கே நகர்ந்தால், வண்டியின் நாற்றம் கூப்பிட்டு முடித்த நிலத்துக்கே போகும். ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு புதர்க்காட்டில் அரை மைல், வெட்டவெளியில் ஒரு மைல்.

டப்பாவண்டி:
மட் டயர் இரையுறது தார் ரோட்டுல வேகமா போறப்பதான் ப்ரோ. மண் தடத்துல மெதுவா உருட்டுனா சாதா டயருக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. காலீச்சி (வெள்ளைச் சுண்ணாம்பு மண்) ரோட்டுல உங்களக் காட்டிக்கொடுக்குறது வெள்ளைப் புழுதி. கடைசி அரை மைல் 10 மைல் வேகத்தத் தாண்டாதீங்க.

உண்மையில ஸ்டாண்டு கெடுறது இன்ஜின நிறுத்துனதுக்கு அப்புறம் வர்ற ஒரு நிமிஷத்துல. வீட்டுலயே இதையெல்லாம் முடிச்சிருங்க: உள் லைட்ட ஆஃப்ல வைங்க. கதவு திறந்திருக்கும்போது சாவி இருந்தா மணியடிக்கும், அதனால சாவிய உருவிட்டுக் கதவத் திறங்க. ரிமோட்ல பூட்டாதீங்க. ரெண்டாவது தடவ அமுக்குனா பல வண்டி ஹாரன் அடிக்கும், கதவுல இருக்குற பட்டனே போதும். பின்னாடி தொட்டியில கிடக்குற ஜாக்கி, சங்கிலி, கூலர் எல்லாத்தையும் துணி சுத்திக் கட்டுங்க. துப்பாக்கியும் காலரும் பின் சீட்டுல இருக்கட்டும். டெயில்கேட்டத் திறந்தாலே தகரச் சத்தம்.

கதவ மூடுறதுக்கு ஒரு சின்ன வித்தை: ஒரு ஜன்னல ரெண்டு விரற்கடை இறக்கி வைங்க. உள்ள அடைபடுற காத்து வெளிய போயிரும், கதவு லேசா சாத்துனாலே உட்காரும். முதல் க்ளிக் வரைக்கும் கையால கொண்டுபோய், அப்புறம் இடுப்பால ஒரு அழுத்து. முதல் க்ளிக்கோட விட்டா கதவு திறந்திருக்குன்னு வண்டி நினைச்சுக்கும், விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

காத்தில்லாத குளிர்ந்த விடியல்ல இதுல ரெட்டிப்புக் கவனம் வேணும். தரையோரம் குளிர்காத்து, மேல சூடான காத்து, அதனால சத்தம் கீழயே வளைஞ்சு ரொம்ப தூரம் போகும்.

கம்பிவேலி:
மேலே சொன்னதில், வண்டியை எப்போதும் மறைக்க வேண்டும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பண்ணை நிலத்துக் கொயோட்டி தினமும் தீவன வண்டியைப் பார்த்துக்கொண்டேதான் திரிகிறது. வண்டி போகிற சத்தம் அதற்குப் பழக்கம்; வழக்கமில்லாத இடத்தில் நின்று, கதவு அறைந்து, மனிதன் இறங்குவதுதான் புதுசு. பண்ணைக்காரர் எந்தத் தடத்தில் போவாரோ அதிலேயே போங்கள், அவர் நிறுத்தும் இடத்திலேயே நிறுத்துங்கள். யார் வேண்டுமானாலும் வேட்டையாடும் பொது நிலத்தில் இது செல்லாது, அங்கே முழுசாக மறைக்கத்தான் வேண்டும்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. பிக்கப்பைக் கண்டால் மாடுகள் தீவனம் என்று கத்திக்கொண்டு ஓடி வந்து சூழ்ந்துகொள்ளும். அப்புறம் அங்கே உட்கார்ந்து பயனில்லை. மந்தை எந்த மேய்ச்சல் வேலிக்குள் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுவிட்டு அடுத்த வேலிக்குள் கூப்பிடுங்கள்.

சைட்-பை-சைட் வேண்டாம். பெட்ரோல் மாடல்கள் பல மெதுவாக ஓடும் பிக்கப்பைவிட அதிகம் கத்தும், அதை இழுத்து வர டிரெய்லர் வேறு. ஹைப்ரிட்டில் சத்தம் குறைவுதான், ஆனால் தரை இடைவெளியைப் பாருங்கள்: 8 அங்குலமாவது இல்லையென்றால் தடத்தின் நடுமேடு அடியில் உரசும்.

காய்ந்த புல்மேல் எதையும் நிறுத்தாதீர்கள். புகைபோக்கிப் பகுதியின் சூடு புல்லைப் பற்றவைக்கும். வெற்று மண்ணாகப் பாருங்கள், ஒரு தீயணைப்பானும் மண்வெட்டியும் வண்டியில் இருக்கட்டும். பொதுச் சாலையிலிருந்தோ சாலையின் குறுக்கேயோ சுடக் கூடாது. கேட்டை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விடுங்கள்.

புல்வெளி75:
நன்றி. எங்கள் நிலத்தில் ஒரு பகுதி தட்டையாகத்தான் இருக்கிறது, மேடே கிடையாது. அங்கே என்ன செய்வது?

காற்றுமுகம்:
வைக்கோல் உருளை அடுக்கு, காற்றாலையடித் தண்ணீர்த் தொட்டி, எண்ணெய்க் கிணற்று பம்ப் போன்ற ஏதாவது ஒன்றை ஒட்டி நிறுத்துங்கள். அங்கே வண்டி நிற்பது கொயோட்டிக்குப் பழகிய காட்சி. எதுவும் இல்லையென்றால் 600 கெஜமாவது நடக்கத்தான் வேண்டும்.

பளபளப்பை மட்டும் விடாதீர்கள். காலையில் வண்டி முகத்தை மேற்கே திருப்பி நிறுத்தினால் முன் கண்ணாடியில் வெயில் நேராக அடிக்காது. பின் கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், குரோம் பம்பர் மூன்றின் மேலும் சாக்குத் துணி போடுங்கள். உள்ளே வைக்கும் வெள்ளித் தகடு மாதிரியான வெயில் மறைப்பு உதவாது, அது இன்னும் மின்னும். துணி ஓரங்களைக் கதவிடுக்கில் செருகிவிடுங்கள். காற்றில் படபடத்தால் போடாததைவிட மோசம்.