ஆய்வு முடிவை மாவட்ட அதிகாரி படிக்கிற மாதிரி எழுதுவது எப்படி?

வைகைக்கரை: உசிலம்பட்டி பக்கம் பிரஷர் மாத்திரையைப் பாதியில் விடுபவர்கள் பற்றிய ஆய்வு, 60 பக்கம். மாவட்ட சுகாதார அலுவலருக்கு எப்படிச் சுருக்குவது?

புள்ளிக்கோலம்: 1-3-25 முறைதான். முதல் பக்கம் முடிவும் செய்ய வேண்டியதும். 3 பக்கம் சுருக்கம். 25 பக்கம் விவரம். ஆய்வுமுறை கடைசியில் போகட்டும். ஆட்ஸ் ரேஷியோவை (விட்டவர் ÷ விடாதவர் கணக்கை ரெண்டு குழுவுக்கும் போட்டு, ஒன்றை மற்றதால் வகுப்பது) முதல் பக்கத்தில் போடாதீங்க. 100 பேரில் 25 பேர் விடுற ஊரையும் 40 பேர் விடுற ஊரையும் ஒப்பிட்டால் ஆட்ஸ் ரேஷியோ 2. படிக்கிறவர் ‘ரெண்டு மடங்கு’ம்பார், நிஜத்தில் 1.6 மடங்குதான். ‘100க்கு 15 பேர் கூடுதல்’னு எழுதுங்க.

மேலமாசி: ‘விழிப்புணர்வு தேவை’ன்னு முடித்தால் ஃபைல் தூங்கிரும். ‘மாத்திரை வாங்க வராதவர் பட்டியலை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத் தன்னார்வலர் மாதம் 5ஆம் தேதிக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் தரணும்’ என்கிற அளவுக்கு இறங்கணும். செலவுக் கணக்கும் சேருங்க. பட்ஜெட் முடிவானபின் கொடுத்தால் வடை தீர்ந்த கடைதான்.