மாடி வெண்டைக்காய் முற்றிப் போகிறது, எப்போது பறிப்பது?

தண்டையார்பேட்டையிலிருந்து:
மொட்டை மாடியில் பத்துப் பைகளில் வெண்டையும் கத்தரியும் போட்டிருக்கிறேன், ஒரு பீர்க்கங்கொடியும் பந்தலில் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் பறிக்க நேரம் கிடைக்கிறது, அதற்குள் வெண்டை நார் நாராகிவிடுகிறது. மனசே கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

ராயபுரத்திலிருந்து:
வாரம் ஒருமுறை வெண்டைக்குப் போதாதுங்க. பூ பூத்து 5, 6 நாளில் காய் பதத்துக்கு வந்துவிடும், அதனால் இந்தக் கத்திரி வெயிலில் ஒருநாள் விட்டு ஒருநாள் மாடி ஏறிப் பாருங்கள். நுனியை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும், ஒடியாமல் வளைந்தால் முற்றல். முற்றினதையும் செடியில் விடாதீர்கள், வெட்டினால்தான் தொடர்ந்து காய்க்கும். கத்தரியைத் தோல் பளபளப்பாக இருக்கும்போதே காம்போடு வெட்டுங்கள். அப்புறம் காசிமேட்டில் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு வாங்கி, தலை கிள்ளி வெந்நீரில் அலசி, அந்தக் கத்தரியோடு புளிக்குழம்பு வையுங்கள். மறுநாள் சூடுபண்ணிச் சாப்பிட்டால் இன்னும் ருசி.

திருவொற்றியூரிலிருந்து:
பீர்க்கங்காய்த் தோலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், துளி புளியோடு வதக்கி அரைத்தால் அருமையான துவையல். ஆனால் முதலில் காயில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள்; வேகவைத்தாலும் அந்தக் கசப்பு போகாது, வயிற்றைக் கெடுக்கும்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
சரிங்க, நாளைக் காலை வேலைக்குக் கிளம்பும் முன்னாடியே மாடிக்குப் போகிறேன். ரொம்ப நன்றி.