பழைய பெஜோ சைக்கிளுக்கு 27 இஞ்சு ரிம் எங்கே எடுக்கலாம்?

ஸ்காபரோ சைக்கிள்காரன்:
வணக்கம். 1970களில் வந்த பிரெஞ்சுச் சைக்கிள், பெஜோ யு.ஓ.8 ஒன்று என்னிடம் இருக்கிறது. பிரேம், மாஃபாக் பிறேக், நோர்மண்டி ஹப் (சில்லின் நடுக்குடம்) எல்லாம் நல்ல நிலை. ரிம் இரண்டும்தான் கவலை. குரோம் பூசிய இரும்பு ரிம். ரொறன்ரோவில் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள், முந்தி வைத்திருந்தவர் அதற்குள்ளும் ஓடியிருக்கிறார் போல. கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிள்களின் துளைகளைச் சுற்றித் துரு தின்று, பின் ரிம்மில் வெடிப்புத் தெரிகிறது. ரயரில் 27 x 1¼ என்று இருக்கிறது. கடையில் புதுச் சில்லு ஒரு சோடி வாங்கிப் போடச் சொல்கிறார்கள். இந்தச் சைக்கிளைச் சுவரில் மாட்டி வைக்க எனக்கு விருப்பமில்லை, தினமும் ஓட வேண்டும். ரிம்மை மட்டும் மாற்ற முடியுமா?

மதுரைப் பெடல்:
நம்ம ஊரில் 28 இஞ்சு ரிம் எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும். யாராவது அங்கே வரும்போது கொடுத்துவிடச் சொல்லுங்கள். டயரையும் சேர்த்து மாற்றிவிட்டால் சரியாகிவிடாதா?

வீல் கட்டுகிறவன்:
மதுரை நண்பர் அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் அந்த ரிம்மை வரவழைக்காதீர்கள். இஞ்சுக் கணக்கை நம்பவே கூடாது. டயர் ஓரத்தில் 32-630 என்று இன்னொரு எண் இருக்கிறதா பாருங்கள். 630 என்பது டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். நம் ஊர் 28 x 1½ ரிம்முக்கு அது 635. அதுவும் பெரும்பாலும் முன்னால் 32 துளை, பின்னால் 40 துளை. உங்கள் ஹப்பில் 36 இருக்கும், எண்ணிப் பாருங்கள். அதோடு அந்த ரிம் போடும் நம் ஊர்க் கம்பி பிரேக் சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மை உள்பக்கமாக, ஹப்பைப் பார்த்த முகத்தில் பிடிக்கும். உங்கள் மாஃபாக் பக்கவாட்டில் பிடிக்கிற பிரேக். அந்த ரிம்மில் அதற்குத் தட்டையான சுவரே கிடையாது.

கடைக்காரர் சொல்லும் புது வீலும் வேண்டாம். ரிம்மைப் பிடிக்கிற பிரேக்குக்கான இப்போதைய ரோடு வீலில் பின் ஹப் 130 மில்லிமீட்டர் அகலம். உங்கள் பிரேம் ஐந்து பல்சக்கரத்துக்கு 120 என்று செய்தது. பிரேமை விரிக்க முடியும்தான், ஆனால் நல்ல ஹப் கையில் இருக்கும்போது எதற்காக விரிக்க வேண்டும்? இன்னொன்று: அந்தக் காலப் பிரெஞ்சு ஹப்பில் ஃப்ரீவீல் மரை பிரெஞ்சு அளவில் இருக்கக்கூடும். அப்படி இருந்தால் இப்போதைய ஃப்ரீவீல் அதில் ஏறாது. ஹப்பையும் ஃப்ரீவீலையும் சேர்த்தே காப்பாற்றுங்கள்.

ரிம் அலுமினியமாகவே இருக்கட்டும். மழையில் குரோம் இரும்பு ரிம்மில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். தினமும் ஓட்டுகிறவருக்கு இது ஒன்றே போதும், இரும்பு ரிம்மைக் கழற்றிப் போட.

அளவில் என் விருப்பம் 622, கடையில் 700சி என்று சொல்வது. 630-ஐவிட விட்டத்தில் 8 மில்லிமீட்டர் குறைவு, ஆகவே பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்கினால் போதும். 622-க்கு டயர் எந்தக் கடையிலும் கிடைக்கும். சன் சி.ஆர்.18 ரிம் 36 துளையில் கேட்டுப் பாருங்கள், பளபளவென்று இருக்கும், பழைய பிரேமுக்கு ஒட்டிப் போகும்.

பழைய இரும்பு:
நான் 630-இலேயே நிற்கச் சொல்வேன். 1980களில் வட அமெரிக்காவில் ஓடிய சைக்கிள்களில் அராயா, வைன்மான் அலுமினிய ரிம் 27 இஞ்சில் ஏராளமாக வந்தது. தன்னார்வலர்கள் நடத்தும் சைக்கிள் கூடங்களில் பிரேம் உடைந்த வண்டிகளின் வீல்கள் தொங்கும். நல்ல ரிம் சொற்ப விலைக்குக் கிடைக்கும். பிரேக்கைத் தொடவே தேவையில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: ரிம்மின் உள்விளிம்பில் கொக்கி மாதிரி வளைவு இல்லாமல் நேராக இருந்தால், மடிக்கிற டயர் போடாதீர்கள். இரும்புக் கம்பி வைத்த டயரைப் போட்டு, காற்றையும் அளவாக அடியுங்கள்.

ஸ்காபரோ சைக்கிள்காரன்:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. 32-630 என்றுதான் இருக்கிறது, துளை 36. பிறேக் கட்டைக்குக் கீழே இறங்க நிறைய இடம் இருக்கிறது. 622 எடுக்கிறேன். பழைய சில்லுக் கம்பிகளையே பாவிக்கலாமா?

வீல் கட்டுகிறவன்:
வேண்டாம். துருவேறிய கம்பியில் நிப்பிள் திரும்பாது, திருப்பினால் முறியும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி புதிதாக வாங்குங்கள். நீளத்தைப் பழைய கம்பியை வைத்து முடிவு செய்யாதீர்கள், 4 மில்லிமீட்டர் கழித்தும் முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு ரிம்முக்கும் உட்சுவரின் ஆழம் வேறு. ரிம் கைக்கு வந்ததும் நேரெதிர் துளைகள் இரண்டில் கம்பியும் நிப்பிளும் மாட்டி, நிப்பிள் தலைகளுக்கு இடையே உள்ள விட்டத்தை அளந்து எழுதுங்கள். ஹப்பின் விளிம்பில் கம்பித் துளைகள் இருக்கும் வட்டத்தின் விட்டம், நடுவிலிருந்து ஒவ்வொரு விளிம்புக்கும் உள்ள தூரம் இரண்டும் வேண்டும். பின் வீலில் ஃப்ரீவீல் பக்கத்துக் கம்பி கொஞ்சம் குட்டையாக வரும், இரு பக்கத்துக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். எண்களை இங்கே போட்டால் கணக்குப் போட்டுத் தருகிறேன். அதற்கு முன் ஹப்பைத் திறந்து, குண்டு ஓடும் பாதையில் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.